கூந்தற் கொடையும் அதன் பயனும்

கொடை என்பது கொடுப்போன் உள்ளத்திலே தோன்றிக் கொள்வோன் கையிலே நிறைவெய்தும் செயலாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியிலே அது தங்கிவிடுமாயின், கொடுத்தவனுக்கு மனநிறைவும் கண்டவர்க்கு வியப்பும் உண்டாகலாம். வேண்டி நின்றவனுக்கோ யாதும் உண்டாகாது. வறியார்க்கு ஈவதையே ஈகையென வரையறுத்த வள்ளுவர், ஏனைய கொடைகளைக் கைம்மாறு குறித்த கொடுக்கல் வாங்கலின்பாற் படுத்தினார். அண்மைக் காலத்திலே பாடசாலைகளிலும் சிகையலங்கார நிலையங்களிலும் பரவிவருகின்ற கூந்தற் கொடையை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்த்தல் தகும்.

புற்றுநோய்ச் சிகிச்சையினால் தலைமயிரை இழந்தவர்களுக்குப் பொய்முடி செய்து வழங்கும்பொருட்டு, நலமுள்ளோர் தம் கூந்தலைக் கத்தரித்துக் கொடுத்தலே கூந்தற் கொடை எனப்படுகிறது. இலங்கையிலே இந்திரா கான்சர் ட்ரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனம் இப்பணியைச் செய்து வருகின்றது. தலையினின்று வீழ்ந்த மயிரை இழிவுக்கு உவமையாக எடுத்துக் காட்டியது குறள். அவ்வாறு இழிந்ததெனப்பட்ட பொருள் பிறரொருவர் தலையில் ஏறி அவர் துயரைக் குறைக்குமாயின் அது போற்றத்தக்கதே. ஆயினும், உண்மையில் அவ்வாறு ஏறுகின்றதா என்பதே ஈண்டு வினா.

சைவ மக்களுக்குக் கூந்தற் கொடை புதியதொன்றன்று. பெரியபுராணம் கூறும் மானக்கஞ்சாற நாயனார் வரலாறு கூந்தற் கொடையின் வரலாறேயாம். மகளின் திருமண நாளன்று மாவிரதியார் கோலத்திலே வந்த இறைவர், மணப்பெண்ணின் கூந்தல் தமது பஞ்சவடிக்கு உதவும் என்றார். மயிராற் செய்து மார்பிலே பூணும் வடமே பஞ்சவடி. நாயனார் தயங்காது மகளின் கூந்தலை அடியோடு அரிந்து நீட்டினார். இவ்வரலாற்றிலே அன்பின் உறைப்பையே பலரும் எடுத்துப் பேசுவர். கொடையின் முறைமையும் அதனுள் அடங்கியிருத்தல் கருதத்தக்கது. வேண்டியவர் நேரில் வந்தார். வேண்டிய பொருள் இன்னதெனக் கூறினார். அஃது எதற்கு உதவும் என்பதையும் கூறினார். கேட்டது கேட்டவாறே அவர் கையிற் சேர்ந்தது. இந்நான்கும் பொருந்திய கொடையே முழுமையான கொடை. இக்காலக் கூந்தற் கொடையிலோ கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. இடையிலே தரம் பிரிப்போர், முடைவோர், விற்போர், அனுப்புவோர் எனப் பலர் நிற்கின்றனர். ஆகவே, நாயனார்க்கு வேண்டாதிருந்த ஆராய்ச்சி இன்றைய கொடையாளர்க்கு வேண்டியதாகின்றது.

முதற்கண், தேவை உண்மையானதா என்பதை நோக்குதல் வேண்டும். புற்றுநோய்க்கு ஏற்றப்படும் மருந்துகள் விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கும் இயல்பின. மயிர்வேரிலுள்ள உயிரணுக்களும் விரைந்து பெருகுவனவாதலின், நோயணுக்களோடு அவையும் தாக்குண்கின்றன. மருந்தேற்றத் தொடங்கி 2 முதல் 4 வாரங்களுள் மயிர் கற்றையாக உதிரும். எல்லா மருந்துகளும் இவ்விளைவைத் தருவன அல்ல. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் மயிர் மீண்டும் முளைத்தலே பெரும்பான்மை. எனவே, இஃது உயிருக்கு ஊறு செய்யும் இழப்பன்று. காலத்தால் நீங்கும் இழப்பே. ஆயினும் அக்காலம் நோயாளிக்கு மிக நீண்டதாகும்.

வன்னிப் பெருநிலத்திலே இவ்விழப்பின் சுமை ஏனைய இடங்களிலும் பார்க்கக் குறைந்ததன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனை வழிபடும் மக்களுக்கு விரிந்த கூந்தல் பெண்ணின் துயருக்கும், முடித்த கூந்தல் அவளது மங்கலத்துக்கும் அடையாளம். போர்க்காலத்திலே கட்டாயமாக அணி சேர்க்கப்பட்ட பெண்பிள்ளைகளின் கூந்தல் கத்தரிக்கப்பட்டமையும், 2009 ஆம் ஆண்டுப் போர்முடிவின்போது அக்குறுமயிரே அவர்களைக் காட்டிக் கொடுக்கும் அடையாளமாய் அமைந்தமையும் இந்நிலத்து மக்கள் மறவாதவை. பாடசாலையிலோ, இரட்டைப் பின்னலும் நாடாவுமாய் நிற்கும் மாணவியரின் வரிசையிலே, சிகிச்சை முடித்துத் திரும்பிய ஒரு பிள்ளை தலையை மூடிக்கொண்டு நிற்பது எவர் கண்ணுக்கும் தப்பாது. நோயைப் பொறுத்த பிள்ளை அப்பார்வையைப் பொறுக்கமாட்டாது படிப்பை விடவும் கூடும். அத்தகைய பிள்ளைக்கு நல்லதொரு பொய்முடி வெறும் அலங்காரமன்று. வகுப்பறைக்குள் மீண்டும் நுழைதற்கு வாயிலாகும்.

தேவை உண்மையெனின், கொடுக்கப்படும் மயிர் யாதாகின்றது என்பது அடுத்த வினா. மயிரிழை ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் மீனின் செதில்போன்ற நுண்தோல் வேரிலிருந்து நுனிநோக்கிப் படிந்துள்ளது. இழைகள் யாவும் ஒரே திசையில் அமைந்தாலன்றி அவை ஒன்றோடொன்று பின்னிச் சிக்குறும். ஆதலின் தரையிற் சிதறிக் கூட்டியெடுத்த மயிர் பயன்படாது. கட்டி, கட்டுக்கு மேலே கத்தரித்த கற்றையே பயன்படும். ஈரத்தோடு பொதிந்த மயிர் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரும் உள்ளது ஒதுக்கப்படும். வெளிற்றிய மயிர் பதப்படுத்தும்போது சிதைந்துவிடும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடினும், பொதுவாக 8 முதல் 12 அங்குல நீளமேனும் வேண்டப்படுகின்றது. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளர்வதால், 12 அங்குலம் என்பது இரண்டரை ஆண்டு வளர்ச்சி. அத்துணை நீளமுள்ள கற்றைகளும் ஒரு தலைக்கு ஒன்று போதா. 6 முதல் 10 வரையிலான கற்றைகள் சேர்ந்தே ஒரு முடியாகின்றன. பதப்படுத்துகையிலும் தரம் பிரிக்கையிலும் குறுமயிர் கழிந்துபோதலே இதற்குக் காரணம். பின்னர், மெல்லிய வலையிலே சிற்சில இழைகளாகக் கையாலே முடிச்சிட்டுக் கோத்தல் வேண்டும். இது பல நாள் வேலை. எனவே பொய்முடியின் விலையிலே பெரும்பங்கு உழைப்பின் கூலியே. மயிரின் விலை சிறுபங்கே. இவ்வுண்மையைக் கொடையாளர் பலர் அறியார்.

பிறநாட்டு அனுபவம் இதனை வலியுறுத்துகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1997 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘லொக்ஸ் ஒவ் லவ்’ என்னும் நிறுவனம் இத்துறையிலே பெரும்புகழ் பெற்றது. தம் கூந்தல் புற்றுநோயுற்ற பிள்ளைகளுக்கே போகின்றதென அந்நாட்டவர் பலர் எண்ணிக் கொடுத்தனர். ஆனால், நீண்டகால மயிரிழப்புடைய பிள்ளைகளுக்கே, சிறப்பாகப் புழுவெட்டு நோயால் மயிரை இழந்தோர்க்கே, அதன் முடிகள் பெரும்பாலும் வழங்கப்பட்டன. 2007 ஆம் ஆண்டு ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகை, வந்து சேரும் மயிரிலே நூற்றுக்கு 80 பங்குவரை பயன்படாது போகின்றதென எழுதியது. 2013 ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வுக்குழு, வரும் மயிரின் அளவையும் செய்யப்படும் முடிகளின் தொகையையும் ஒப்பிட்டுக் கணக்கு எங்கே என வினவியது. வருவன யாவும் முடிசெய்ய ஏற்றனவல்ல என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. குறுமயிரையும் நரைமயிரையும் விற்றுச் செய்கூலிக்கு ஈடு செய்வதை அந்நிறுவனம் மறைக்கவுமில்லை. ஈண்டுக் குறைபாடு வஞ்சகத்தினால் நேர்ந்தது எனத் துணிதற்கு இடமில்லை. கொடுப்போர் அறியாமையும், கொள்வோர் கணக்கை விளங்கக் காட்டாமையும் கூடியவிடத்து ஐயம் முளைத்தது என்பதே தெளிவு. இங்கிலாந்திலே 2006 இல் எழுந்த ‘லிற்றில் பிரின்செஸ் ட்ரஸ்ட்’ இவ்விடரை வேறுவிதமாக அணுகியது. ஒரு முடிக்குப் பல நூறு பவுண் செலவாகும் என வெளிப்படையாகக் கூறிக் கூந்தலோடு பணமும் திரட்டித் தருமாறு அது கேட்கின்றது.

மயிரை விற்றல் தன்னளவிலே தவறாகாது என்பதற்குத் திருமலை சான்று. அங்கே அடியவர் இறக்கும் முடி நீளத்துக்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படுகின்றது. ஆண்டு வருவாய் நூறு கோடி இந்திய ரூபாவைத் தாண்டியுள்ளது. அவ்வருவாய் தேவஸ்தானத்தின் பொதுவரவிலே சேர்கின்றது; அன்னதானமும் வைத்தியசாலைகளும் கல்வி நிலையங்களும் அத்தேவஸ்தானத்தால் நடைபெறுகின்றன. ஆயினும் விற்ற பொருள் செல்லும் வழி எவர் எண்ணத்துக்கும் அடங்குவதன்று. 2004 ஆம் ஆண்டு யூத சமய ஆசான் யோசெப் சாலோம் எலியாசிவ், வேற்றுத் தெய்வத்துக்குப் படைக்கப்பட்ட மயிரென்று கருதி இந்திய முடிகளை விலக்கியபோது, நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலே யூதப் பெண்கள் தம் பொய்முடிகளைத் தீயிலிட்டனர். ஓரிடத்தில் பத்தியாய் இறங்கியது பிறிதோரிடத்தில் விலக்காய் எரிந்தது.

கடலிற் சிந்திய எண்ணெயை உறிஞ்சுதற்கும் மயிர் திரட்டப்படுவதுண்டு. 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவிலே எண்ணெய் பெருகியபோது மக்கள் மயிரை மூடைமூடையாக அனுப்பினர். கடைகளில் விற்கும் உறிஞ்சுகருவிகளே கூடுதலாக எண்ணெயையும் குறைவாக நீரையும் ஏற்கின்றன எனச் சோதனையிற் கண்ட அதிகாரிகள் மயிரை ஏற்கவில்லை. 2020 இல் மொறீசியசுத் தீவிலே கப்பலொன்று தட்டியபோதோ, வேறு பொருள் உடன் கிடையாத நிலையில் மக்கள் தம் மயிரையும் கரும்புத் தோகையையும் கொண்டு மிதவை செய்தனர். பொருள் ஒன்றே, இடமும் காலமுமே பயனை வேறுபடுத்தின.

இவற்றை வன்னிக்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் புற்றுநோயாளர் தெல்லிப்பழைக்கும் அநுராதபுரத்துக்கும் மகரகமவுக்கும் செல்கின்றனர். அரச வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற உட்பகுதிகளிலிருந்து பேருந்து மாறிச் செல்லும் செலவும், துணைக்குச் செல்பவரின் நாட்கூலி இழப்பும், வெளியிலே செய்விக்கும் பரிசோதனைகளின் கட்டணமும் கட்டணமில்லாதன அல்ல. மருந்தேற்றல் பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பல சுற்றுக்கள் நிகழ்வது. ஒரு சுற்றுக்குப் பயணக்காசு இல்லாது போனால் சிகிச்சையே தடைப்படும். இத்தகையோருக்கு முதலில் வேண்டுவது பொய்முடியா, பயணக்காசா என்று கேட்பின், விடை வெளிப்படை. அன்றியும், வன்னியின் வெயிலிலே வலைமுடி வெப்பமும் வியர்வையும் தருவதாகலின், பருத்தித் துணியோ சேலைத் தலைப்போ போதும் என்போரும் உளர். எவர்க்கு எது வேண்டும் என்பதை அவரவரைக் கேட்டே அறிதல் இயலும்.

பொதுமக்கள் கொடை ஒன்றுகூடினால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்குத் தெல்லிப்பழையே சான்றாய் நிற்கின்றது. 2011 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை 670 கிலோமீற்றர் தூரம் ‘ட்ரெயில்’ என்னும் நடைப்பயணம் நிகழ்ந்தது. அதிலே திரண்ட நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. நடந்தோரின் வியர்வை நேரே எவருக்கும் மருந்தாகவில்லை; அந்நடை கண்டு கொடுத்த பணமும், பணத்தை ஒரே நோக்கத்திற் செலவிட்ட ஒழுங்குமே மருந்தாயின. கூந்தற் கொடையும் அத்தகைய ஒழுங்கோடு கூடினால் அதனினும் குறைந்த பயன் தருவதன்று.

ஆகவே, கூந்தற் கொடை வீணென்று தள்ளுதலும், புகைப்படத்தோடு நிறைவெய்தியதாகக் கொள்ளுதலும் ஒருங்கே பிழையாம். வன்னிப் பாடசாலை மாணவியரின் சாயமேறாத நீண்ட கூந்தல் முடிசெய்தற்கு மிக ஏற்றது. எனினும் ஒரு பாடசாலை இப்பணியை மேற்கொள்ளுமுன் சில ஆயத்தங்கள் இன்றியமையாதன. பெறும் நிறுவனம் கேட்கும் நீளத்தையும் பக்குவத்தையும் முன்னரே அறிதல்; கடந்த ஆண்டில் எத்தனை முடிகள் எம்மாவட்டங்களுக்குச் சென்றன எனக் கேட்டல்; பெற்றோர் இசைவின்றியும் பிள்ளையின் முழுவிருப்பமின்றியும் ஒருவர் கூந்தலிலும் கத்தரி வையாமை; கூந்தலோடு செய்கூலிக்கும் ஒரு பங்கு பணம் சேர்த்தல் என்பன அவை. அனைத்தினும் மேலாக, கிராம உத்தியோகத்தரையும் குடும்பநல உத்தியோகத்தரையும் கலந்து, அயலிலுள்ள நோயாளர்க்கு யாது வேண்டுமென அறிந்து, பயணக்காசு வேண்டியவர்க்குப் பயணக்காசும், முடி வேண்டியவர்க்கு முடியும் கிடைக்க வழிசெய்தல் வேண்டும். கூந்தலைக் கொடுத்த பிள்ளைக்கு அது மீண்டும் வளரும். அது வளரும் இரண்டரை ஆண்டுக்குள், கொடுத்த கற்றை எங்கே சென்றதென ஒருமுறையேனும் கேட்டறிதலும் அக்கொடையின் ஒரு பகுதியேயாகும்.