கடலுக்குள் ஒரு கொல்லிப்பாவை

குழந்தைகளே, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறும்போது எனக்கு வயிற்றைக் கலக்கிவிடும். அந்த மலையில் கொல்லிப்பாவை என்ற அழகுப் பதுமை இருந்ததாகச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. அவள் சிரிப்பில் மயங்கிப் பக்கத்தில் போனால் உயிர் போய்விடுமாம்! அது கதை. கடலுக்குள் நிஜமாகவே அப்படி ஒரு அழகி உண்டு.

மழைக்காலத்தில் செடிகளுக்கு அடியில் வழுவழுவென்று ஊருமே, ஓடில்லாத நத்தை? அதன் தூரத்துச் சொந்தம்தான் இவள். அறிவியல் பெயர், ஃபில்லிடியா வேரிகோசா. லட்சத்தீவு, அந்தமான் பக்கத்துப் பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் வாழ்கிறாள். பெரியவர்களின் விரல் நீளம்தான் இருப்பாள். கறுப்பு உடம்பில் நீல வரப்புகள், வரப்பின் மேல் மஞ்சள் குமிழ்கள். கோலம் போட்டு வைத்ததுபோல் இருக்கும்!

ஓடும் இல்லை, ஓடவும் தெரியாது. நாக்கில் பல்கூட இல்லை. சுற்றிலும் பசியோடு மீன்கள். பிறகு எப்படிப் பிழைக்கிறாள்?

விஷம்தான்! இந்த நத்தையின் உடம்பிலிருந்து கசியும் கோழை மீன்களையும் நண்டு, இறால் இனங்களையும் கொன்றுவிடும் என்று 1963இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அந்த விஷம் நத்தையின் சொந்தச் சரக்கு அல்ல என்பது பின்னால்தான் தெரிந்தது.

பாறையில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு, நகர முடியாத உயிர். யாரும் தின்றுவிடாதபடி தன் உடம்பில் விஷம் வைத்திருக்கிறது. நம் நத்தையோ செரிமான நீரைச் சுரந்து, கடற்பஞ்சைக் கரைத்து, கஞ்சி குடிப்பதுபோல் உறிஞ்சிவிடுகிறது. விஷம் அதை ஒன்றும் செய்வதில்லை. அப்படியே தோலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பளிச்சென்ற நிறம், 'கிட்டே வராதே' என்று மாட்டி வைத்த பலகை!

ஆகவே, பாறையில் கடற்பஞ்சு அழிந்தால் நத்தைக்குச் சாப்பாடும் போச்சு, பாதுகாப்பும் போச்சு. நம் மன்னார் வளைகுடாவிலும் ஓடில்லாத கடல் நத்தைகள் பல வகை உண்டு. அங்கே ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளையே வெட்டி எடுத்தார்கள். நத்தைகளின் வீடும் சேர்ந்துதானே போயிருக்கும்!

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ஒரு வகைக் கடல் அட்டையின் குட்டி, இந்த நத்தையைப் போலவே வேஷம் போடுகிறது. (கடல் அட்டை நத்தையே அல்ல, நட்சத்திர மீனின் உறவு.) மீன்கள் ஏமாந்து ஒதுங்கிப் போகும். வளர்ந்து பெரிதானதும் வேஷத்தைக் கலைத்துவிட்டுப் பழுப்பு நிறத்துக்கு மாறிவிடுகிறது, அந்தக் குட்டி நடிகர்!