‘இல்லை’ என்றது சர்க்கார்... ‘இருக்கு’ என்றார் வில்சன்!

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கியூவில் நின்ற அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். சர்டிபிகேட்டுகளுக்கெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, அட்டஸ்டேஷன் வாங்கி நீட்டினால், கவுன்ட்டரில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கார்டைத் தள்ளிவிடுவார். அதை மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். கல்யாண நாளை மறந்தால்கூட மன்னிப்பு உண்டு. ரென்யூவலை மறந்தால் சீனியாரிட்டி காலி!

பெஜவாடா வில்சன் என்ற இளைஞருக்கு அங்கே கிடைத்தது வேறு அனுபவம். என்ன வேலை வேணும் என்று அவரை யாரும் கேட்கவே இல்லை. ஜாதியைப் பார்த்தார்கள். விருப்பமான வேலை என்ற இடத்தில் ‘துப்புரவு’ என்று அவர்களாகவே எழுதிவிட்டார்கள்! வில்சன் அதை ஏற்கவில்லை.

யார் இந்த வில்சன்? கர்நாடகாவில், நம்மவர்கள் நிறையப் பேர் குடியேறிய கோலார் தங்கவயலில் 1966-ல் பிறந்தவர். உலகமே தங்கத்துக்காகத் தெரிந்து வைத்திருந்த அந்த ஊரில்தான் எடுப்புக் கக்கூஸ்களும் இருந்தன. தங்கத்தை எடுக்கத் தொழிலாளிகள் என்றால், மலத்தை அள்ளவும் ஆட்கள். வில்சனின் அப்பா அந்த வேலைதான் பார்த்தார், அண்ணனும்தான். ஆனால் சின்னப் பையனிடம் வீட்டில் அதைச் சொல்லாமலே வளர்த்தார்கள். கடைக்குட்டியாவது படிக்கட்டும் என்று ஹாஸ்டலுக்கு அனுப்பினார்கள்.

வளர்ந்த பிறகு ஒருநாள் அந்த வேலையை நேரில் பார்க்கப் போனார். ஒருவரின் வாளி மலக்குழிக்குள் விழுந்துவிட்டது. அவர் கையை உள்ளே விட்டு அதை எடுத்தார். தடுத்த வில்சனிடம், இதைவிட்டால் வேறு வேலை ஏது என்றுதான் கேட்டார்கள். அன்றைக்கு அழுத அழுகைதான் பிற்பாடு மனுவாக மாறியது.

1986 வாக்கில் எழுத ஆரம்பித்தார். முதலில் உள்ளூர் அதிகாரிகளுக்கு. பதில் இல்லை. அப்புறம் நேராகப் பிரதமருக்கே! கோர்ட்டுக்குப் போவேன் என்றும் எச்சரித்தார். கடைசியில் தங்கவயலின் எடுப்புக் கக்கூஸ்கள் தண்ணீர்க் கக்கூஸ்களாக மாறின. அள்ளியவர்களுக்கு மாற்று வேலை கிடைத்தது.

இதற்குள் 1993-ல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. மலம் அள்ள ஆள் வைத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில், 2,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் பிரமாதம்! ஆனால் மாநிலங்கள் அதை ஏற்பதற்கே வருஷக்கணக்கில் இழுத்தன.

அடுத்த வருஷம் ‘சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்’ பிறந்தது. வில்சனோடு கைகோத்தவர்களில் ஒருவர் எஸ்.ஆர். சங்கரன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்து ஆந்திராவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பேரெடுத்தவர். ஃபைல் எப்படி நகரும், எங்கே தூங்கும் என்று தெரிந்த மனிதர்!

2003-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு. ‘எங்கள் மாநிலத்தில் அப்படி ஒன்றும் இல்லை’ என்கிற ரீதியில் அபிடவிட்டுகள் வந்து குவிந்தன. வில்சன் கோஷ்டி சும்மா இருக்கவில்லை. தெருத்தெருவாகப் போனது. எந்த ஊர், எந்தக் கக்கூஸ், அள்ளுவது யார் என்று போட்டோவோடு கணக்கெடுத்தது. ‘இல்லை’ என்ற ஒவ்வொரு அபிடவிட்டுக்கும் ‘இதோ, இருக்கு’ என்று ஒரு போட்டோ. இன்னொரு பக்கம், கூடையைத் தெருவில் போட்டுக் கொளுத்திவிட்டு வெளியே வந்தார்கள் பெண்கள்.

2013-ல் கடுமையான புதுச் சட்டம் வந்தது. 2014 மார்ச் 27-ல் தீர்ப்பு: 1993 முதல் பாதாள சாக்கடையிலும் செப்டிக் டாங்க்கிலும் இறந்தவர்களைக் கண்டுபிடித்து, குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும். 2023-ல் அதே கோர்ட் இதை 30 லட்சமாக உயர்த்தியது.

நான் பி.காம். படித்தவன். இப்படியொரு கணக்கை எந்த லெட்ஜரிலும் பார்த்ததில்லை. ஆளை இறக்காமல் மெஷினை இறக்கப் பட்ஜெட் இல்லை. ஆள் செத்தால் கொடுக்க மட்டும் லட்சங்கள்! பணம் எத்தனை ஏறினாலும் போனவர் திரும்பி வரப் போவதில்லை. வில்சன் கேட்பதும் அதைத்தான். 2016 ஏப்ரலில் முடிந்த 125 நாள் ‘பீம் யாத்திரை’யில் நாடு பூராவும் சுற்றியபோது அவர்கள் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று: ‘எங்களைக் கொல்லாதீர்கள்.’

அதே வருஷம் வில்சனுக்கு மகசேசே விருது. நம்ம ஊர் டி.எம். கிருஷ்ணாவும் அந்த வருஷம் வாங்கினார். சுமார் 6 லட்சம் பேரில் 3 லட்சம் பேரை இந்த இயக்கம் மீட்டிருக்கிறது என்று விருதுக் குறிப்பு சொன்னது. பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதி?

அந்த மீதியில் நமக்கும் பங்கு உண்டு ஸார். அபார்ட்மென்ட்டில் செப்டிக் டாங்க் அடைத்துக்கொண்டால், ‘இருநூறு ரூபா சேர்த்துக் கொடுத்தா ஆள் உள்ளே இறங்குவான்’ என்று அசோசியேஷன் மீட்டிங்கில் யாராவது ஒருத்தர் சொல்வார். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை ஜெயில் அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விழலாம். கான்ட்ராக்டரை அனுப்பினோம், எங்களுக்குத் தெரியாது என்று நழுவவும் முடியாது.

அந்த மீட்டிங்கில் எழுந்து ‘ஆள் வேண்டாம், லாரியைக் கூப்பிடுங்க’ என்று சொல்ல மகசேசே விருது வாங்கியிருக்க வேண்டியதில்லை. வாய் இருந்தால் போதும்!