பாட்டனார் புறப்பட்ட ஊர்

பின்லாந்து நாட்டில் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி அறிய விரும்பினால், தேவாலய ஏடுகளைப் புரட்டுகிறார். 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தையொட்டி, அங்குள்ள சபைப் போதகர்கள் வீடுவாரியாகப் பெயரையும், பிறப்பையும், குடிபெயர்ந்து போன இடத்தையும் எழுதிவைத்தார்கள். கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் பிறந்த நமக்கு அத்தகைய ஏடு இல்லை. நம் பாட்டனார் கிராணியின் செக்ரோலில் ஒரு பெயர். அரசாங்க அறிக்கையிலோ வெறும் தொகை.

அந்தப் பெயரும் எளிதில் வழிகாட்டாது. ஒரே தோட்டத்தில் நான்கு முனியாண்டிகள் இருப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயர்தான் உண்டு. அதையும் கிராணி தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார். ஆகவே, பெயரை விட்டு ஊரைத் தேடுவதே நல்லது என்போம்.

ஊருக்கு வழி கங்காணி. உரிமம் பெற்று ஊர் திரும்பிய கங்காணி, தம் கிராமத்திலும் அக்கம்பக்கத்திலும் உறவினரையும் தெரிந்தவரையுமே பெரும்பாலும் திரட்டி வந்தார். எனவே நம் வீட்டில் ஊர்ப்பெயர் மறந்துபோனாலும், அதே கங்காணியின் ஆட்களாக வந்த அடுத்த வீட்டாருக்கு நினைவிருக்கலாம். புக்கிட் ரோத்தானிலிருந்து வேறு தோட்டத்துக்கு மாறிப் போனவர்களையும் தேடிப்பிடித்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு வழி குலதெய்வம். ஊர்ப்பெயரை மறந்த குடும்பங்கள்கூடக் குலதெய்வத்தை எளிதில் மறப்பதில்லை. முடியிறக்கும்போதும் திருமணத்தின்போதும் எந்தச் சாமிக்குக் காசு முடிந்து வைத்தார்கள் என்று விசாரித்தால், தமிழ்நாட்டில் எந்தப் பக்கத்துக் கோயில் என்பது சில வேளைகளில் புலப்படும்.

காலத்தைக் கணிக்கவும் குறிப்புகள் உண்டு. உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயா வருவதை இந்திய அரசாங்கம் 1938இல் நிறுத்தியது. ஆகவே தோட்ட வேலைக்கென்று அழைத்துவரப்பட்டவர் அதற்கு முன்னர் வந்திருப்பார். 'ரஜூலா கப்பலில் வந்தார்' என்றால் 1926க்குப் பிறகு. ஆனால் எந்தக் கப்பலையும் ரஜூலா என்று சொல்லிவிடும் முதியவர்களும் உண்டு. அதை மட்டும் நம்பிவிடக் கூடாது. 1948 முதல் வழங்கப்பட்ட அடையாளக் கார்டிலும் பிறந்த ஆண்டு குத்துமதிப்பாக இருக்கலாம்.

பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்தின் பெயரைக் கவனிக்க வேண்டும். பழைய பத்திரத்தில் பத்தாங் பெர்ஜுந்தை என்றிருப்பது, 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரே. தோட்டம் கைமாறினால் பெயரும் மாறக்கூடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, மக்களும் வெளியேறிய இடங்களில், செக்ரோல் கிடைப்பது அரிது. இடுகாட்டையும் புல் மூடியிருக்கும்.

முதியவர்களிடம் கேட்கும்போது பாட்டியை மறந்துவிடுகிறோம். அவர் வேறு கங்காணியோடு, வேறு ஊரிலிருந்து வந்து, தோட்டத்தில் மணமுடித்தவராக இருக்கலாம். அவர் பிறந்த ஊரைத் தனியே கேட்டு, அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும்.