பாட்டியின் சீரியலை நிறுத்தியது யார்?

என் பாட்டி தினமும் மதியம் விடாமல் பார்த்து வந்த சீரியல் ஒன்று திடீரென்று நின்றுவிட்டது. டிஆர்பி இல்லையாம்! விஷயத்தைச் சொன்னதும் பாட்டி கேட்டார்: "ஏன்டா, நான்தான் தெனமும் பாத்தேனே, அது அவங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்பதுதான் உண்மை. நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வெப்சைட்டைத் திறந்தால், கேட்பது உங்கள் கம்ப்யூட்டர், தருவது சர்வர். எனவே யார் எதைக் கேட்டார்கள் என்பது சர்வரில் பதிவாகிவிடும். ஆனால் கேபிளிலும் டிஷ்ஷிலும் வரும் சிக்னல் பொதுவாக ஒருவழிப் பாதை. வருவது மட்டும்தான் உண்டு, திரும்பிப் போவது கிடையாது. அதனால்தான் மீட்டர் வைத்து அளக்கிறார்கள்.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

இந்தியாவில் 2015 முதல் இந்த வேலையைச் செய்வது பார்க் என்னும் அமைப்பு. ஒவ்வொரு சேனலும் தன் ஒலியுடன் காதுக்குக் கேட்காத ஒரு ரகசியக் குறியீட்டைக் கலந்து அனுப்புகிறது. தேர்வு செய்த வீடுகளில் டிவி அருகே உள்ள மீட்டர் அந்தக் குறியீட்டைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன் உண்டு. டிவி முன் உட்காரும்போது தமக்குரிய பட்டனை அழுத்த வேண்டும்.

2020-ல் இப்படி மீட்டர் இருந்த வீடுகள் சுமார் 44,000. டிவி உள்ள வீடுகளோ சுமார் 21 கோடி! அதாவது ஒரு மீட்டர் வீடு ஏறக்குறைய 4,800 வீடுகளுக்காகப் பேசியது.

நீங்களே செய்து பாருங்கள்

சாம்பிள் எடுப்பது தவறல்ல. ஒரு பருக்கைச் சோறு பதம் பார்ப்பது போலத்தான். ஆனால் சிறிய நிகழ்ச்சிகளுக்கு இது ஆட்டம் காணும். எக்ஸெலில் ராண்ட் ஃபார்முலாவை 400 செல்களில் காப்பி செய்யுங்கள். ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு. 0.02-க்குக் குறைவான எண் வந்தால் அந்த வீட்டில் நிகழ்ச்சி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய செல்களைக் கவுண்ட்இஃப் மூலம் எண்ணுங்கள். சராசரியாக 8 வர வேண்டும். எஃப்9 கீயை அழுத்தி அழுத்திப் பாருங்கள். ஒருமுறை 5 வரும், இன்னொரு முறை 11 வரும். நிகழ்ச்சி அதேதான், ரேட்டிங் மட்டும் இரு மடங்கு!

மீட்டர் போன இடம்

எத்தனை மீட்டர் என்பதைப் போலவே, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பார்க் வருவதற்கு முன் டாம் நிறுவனத்தின் மீட்டர்கள் நகரங்களில்தான் இருந்தன. 2015 அக்டோபரில் பார்க் கிராமங்களையும் கணக்கில் சேர்த்தது. உடனே ஜீ அன்மோல், ஸ்டார் உத்சவ் போன்ற கட்டணமில்லாத இந்தி சேனல்கள் முன்வரிசைக்கு வந்தன. பெரும்பாலும் பழைய சீரியல்களை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்த சேனல்கள் இவை! கிராமத்து மக்கள் அன்றைக்குத்தான் டிவி பார்க்க ஆரம்பித்தார்களா? இல்லை, மீட்டர் அன்றைக்குத்தான் அங்கே போனது.

விளம்பரப் பணமும் பின்னாலேயே போனது. 2017 ஆகஸ்டில் ஸ்டார் நிறுவனம் லைஃப் ஓகே சேனலை மாற்றி, புதிய சீரியல்களுடன் ஸ்டார் பாரத் சேனலைக் கட்டணமில்லாமல் தொடங்கியது.

இவ்வளவு பணம் சில ஆயிரம் வீடுகளை நம்பி இருந்தால் ஆசை வராமல் இருக்குமா? குறிப்பிட்ட சேனல்களை ஓடவிட மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாக 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் புகார் கூறியது. அதையடுத்து நிறுத்தப்பட்ட செய்திச் சேனல்களின் ரேட்டிங் 2022 மார்ச்சில்தான் திரும்பவும் வெளிவந்தது.

"அப்போ நம்ம வீட்டுலயும் ஒரு மீட்டர் வைக்கச் சொல்லேன்" என்றார் பாட்டி. நாமாகக் கேட்டு வாங்க முடியாது, வீடுகளை அவர்கள்தான் தேர்வு செய்வார்கள். எனவே அந்தச் சீரியலின் பழைய எபிசோடுகளை யூடியூபில் போட்டுக் கொடுத்தேன். அங்கே பாட்டி பார்ப்பது பதிவாகும். ஆனால் நின்றுபோன கதையை அது தொடர வைக்காது.

இனி "நம்பர் ஒன் சேனல்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எத்தனை வீடுகளில் அளந்தார்கள்? அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன?