ஆயத்தமும் அவகாசமும்

மலையகத்து அன்பர்களுக்கு மவுஸாகலை நீர்த்தேக்கத்தைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மழை பொய்த்து நீர்மட்டம் தாழும் காலங்களில், பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்கள் சேற்றினூடே தலைகாட்டுவதை அவ்வழியே செல்வோர் நின்று பார்ப்பதுண்டு. 1960களில் மின்சார உற்பத்திக்காக அங்கே அணை கட்டப்பட்டபோது அந்த ஊர் நீருக்குள் மறைந்தது. ஆனால் ஊர்தான் மறைந்ததேயன்றி மக்கள் மறையவில்லை. வெள்ளம் வரப்போகும் காலம் முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. வணிகர் சரக்குகளை மேட்டுக்கு ஏற்றினர், குடும்பங்கள் பெயர்ந்தன, புதிய மஸ்கெலியா எழுந்தது.

நாள் குறித்து வரும் ஆபத்துக்கு ஆயத்தமாவது எளிது. நாள் குறிக்காமல் வருவதற்கு என்ன செய்வது?

ஊவாவின் கொஸ்லந்தைப் பகுதியைச் சேர்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலை, மலை சரிந்து லயன்களின் மேல் விழுந்தது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர்; வீட்டிலிருந்த பெற்றோர் பலர் மண்ணுக்குள் போயினர். அந்த இடம் அபாயகரமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் இன்ன நாள் என்று அதில் எழுதியிருக்கவில்லை. நாள் எழுதப்படாத எச்சரிக்கையை மனிதர் நாளைக்கு என்று ஒத்திவைப்பது இயல்பாகிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் அத்துயரத்தை நாம் மறுபடியும் கண்டோம்.

இத்தகைய வேளைகளில், ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்று இறந்தவரைக் குறித்துப் பேசுவோர் எங்கும் உண்டு. இயேசுநாதர் காலத்திலும் இருந்தனர். எருசலேமில் சீலோவாம் என்னுமிடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டனர். அச்செய்தியை லூக்கா சுவிசேஷத்தின் 13 ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மாண்டவர்கள் எருசலேமில் வாழ்ந்த ஏனையோரைவிடக் கொடிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் வெளிப்படையாக மறுத்தார். பிறகு கேட்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்பினீர்களா என்ற கேள்வியை அவர்கள் நெஞ்சிலேயே வைத்தார். மண்சரிவில் போனவரை நாம் தீர்ப்பிட வேண்டாம். எஞ்சியிருக்கும் நம்மையே நாம் ஆராய வேண்டும். கிறிஸ்தவம் கூறும் ஆயத்தம் இங்கேதான் தொடங்குகிறது.

அதனைத் தொடர்ந்து அவர் கூறிய உவமை, தோட்டத்தில் வேலை செய்தவருக்கு மிக எளிதில் விளங்கும். ஒரு திராட்சைத் தோட்டத்தில் ஓர் அத்திமரம் நின்றது. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த உரிமையாளன் அதை வெட்டிவிடச் சொன்னான். தோட்டக்காரனோ இன்னும் ஓராண்டு தவணை கேட்டான். அந்த ஓராண்டில் வேரைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாக வாக்களித்தான். மரம் பிறகு காய்த்ததா, வெட்டுண்டதா என்று உவமை கூறவில்லை. முடிவு கேட்பவனிடமே விடப்பட்டிருக்கிறது.

தேயிலைச் செடியும் இவ்வாறே பேணப்படுகிறது. சில ஆண்டுகள் கொழுந்து தந்து ஓய்ந்த செடியை எவரும் பிடுங்கி எறிவதில்லை. கவ்வாத்து வெட்டுகிறோம். பசுமை முழுவதும் போய்க் குச்சிகள் மட்டும் நிற்கும். சில மாதங்களுக்கு அதில் பறிக்க ஒன்றுமிராது. பின்பு எருவும் மழையும் சேர, புதுத் தளிர் விடுகிறது. உரிய காலத்தில் கவ்வாத்துச் செய்யாத மலையில் பின்னர் எவ்வளவு உரம் கொட்டினும் பயன் குறைவே. அவகாசம் என்பது சும்மா இருப்பதற்குக் கிடைத்த விடுமுறையன்று. வேலைக்குக் கிடைத்த பருவம்.

மத்தேயு சுவிசேஷத்தின் 25 ஆம் அதிகாரத்திலுள்ள பத்துக் கன்னியரின் கதையும் இதையே வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. மணவாளன் வரத் தாமதித்தான். பத்துப் பேருமே உறங்கிவிட்டனர். உறக்கம் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. உழைத்துக் களைத்தவன் உறங்காமல் என்ன செய்வான்? ஐவரிடம் எண்ணெய் இருந்தது, ஐவரிடம் இல்லை. அந்த நடுநிசியில் இரவல் கேட்டும் கிடைக்கவில்லை. கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கதவு அடைபட்டது.

இரவல் வாங்க இயலாத அந்த எண்ணெய் யாது? நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போதித்த யோவான் கிறிசோஸ்தோம், அதனை ஏழைக்குச் செய்யும் ஈகை என்று விளக்கினார். அதே அதிகாரத்தின் இறுதிப் பகுதி இவ்விளக்கத்துக்கு அரண் செய்கிறது. அங்கே நியாயத்தீர்ப்பில் கேட்கப்படுவது, பசித்தவனுக்கு உணவளித்தாயா, தங்க இடமற்றவனைச் சேர்த்துக்கொண்டாயா என்பதே.

காப்பித் தோட்டக் காலத்திலேயே, 1854 இல், தமிழ்க் கூலி மிஷன் என்னும் பெயரில் ஒரு திருப்பணி தொடங்கி இந்த உபதேசத்தை நம் முன்னோரின் லயன்களுக்குள் கொண்டுசென்றது. அன்றிலிருந்து இது பெரும்பாலும் ஏழையை நோக்கியே பேசப்பட்டுவந்துள்ளது. லயத்திலிருப்பவன் இதைக் கேட்கவேண்டும்தான். முற்றத்துத் தகராறில் ஆண்டுக்கணக்காகப் பேசாதிருக்கும் அண்ணன் தம்பியர் இன்று பேசட்டும். குடியில் கரையும் சம்பளம் இந்த மாதமே பிள்ளையின் படிப்புக்குச் செல்லட்டும். மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் அவர் உயிரோடிருக்கும்போதே கேட்போம்.

ஆனால் போவதற்கு வேறிடம் இல்லாதவனை நோக்கி, ‘நீ ஏன் ஆயத்தமாகவில்லை’ என்று கேட்பது அறமாகாது. மலை சரியும் என்று அறிந்த பின்பும் மாற்று நிலம் ஒதுக்க வேண்டியவர், வீடு கட்ட வேண்டியவர், கையெழுத்திட வேண்டியவர் ஆகிய அனைவரையும் அந்த நடுநிசிக் குரல் முதலில் தட்டி எழுப்புகிறது. அவர்கள் கையில் உள்ள எண்ணெய் அதிகம். ஆகையால் கணக்கும் அதிகம்.

அன்பர்களே, முடிவு எந்நாள் வரும் என்று கணக்கிட்டுப் பார்க்கும்படி நமக்குக் கட்டளையில்லை. தோட்டக்காரன் நமக்காகத் தவணை கேட்டு நிற்கிறான். நாளைக் காலைப் பெரட்டுக்கு முன்பு செய்து முடிக்கக்கூடிய ஒரு நற்காரியம் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. விளக்கில் எண்ணெய் வார்ப்பதற்கு உகந்த வேளை, வெளிச்சம் இருக்கும் இவ்வேளையே.