பேரேடும் மண்ணோடும்

வரலாறு என்றவுடன் மன்னர்தம் மெய்க்கீர்த்திகளும் கோட்டைகளும் கோயில்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குச் செல்வோர் கண்முன் தோன்றுவன தேயிலைச் செடிகளும் தொழிற்சாலைகளும் லயங்களுமே. அம்மலைகளைத் தோட்டமாக்கிய மக்களுட் பெரும்பாலார் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தாரல்லர். எனின், அவர் வாழ்வை நாம் அறிவது எங்ஙனம்? அதற்கு வழிகள் இரண்டு உள. ஒன்று தோட்டத்துக் கணக்கேடு. மற்றொன்று மண்ணுள் மறைந்து கிடக்கும் பொருள்.

முதற்கண் ஏட்டினை நோக்குவோம். தோட்டத்திலே நாள்தோறும் வேலைக்கு வந்தோரின் பெயர் செக்குரோலிற் பதியப்பெற்றது. அரிசியும் கம்பளியும் முன்பணமும் கொடுக்கப்பெற்று, அவற்றின் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. தொழிலாளி பட்ட கடனைத் தீர்த்தால் அவனை விடுவிக்கலாம் என்று உறுதிகூறும் சீட்டுக்குத் 'துண்டு' என்பது பெயர். அவ்வழக்கம் 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆகவே, இவ்வேடுகளை வரிசையாக ஆராய்வோர், ஒரு குடும்பம் எத்துணை நாள் உழைத்தது, எத்துணை அரிசி பெற்றது, கடன் எவ்வாறு வளர்ந்தது என்பனவற்றைக் கணக்கிடுதல் கூடும்.

எனினும், ஏடு முழு உண்மையையும் உரைப்பதன்று. அதனை எழுதியவர் கணக்கப்பிள்ளை, எழுதுவித்தவர் துரை. கொடுத்த அரிசி அதிற் காணப்படும். அவ்வரிசியோடு சேர்த்துண்ட கீரையும் கிழங்கும் காணப்படா. கழித்த பணம் காணப்படும். கழிக்கப்பட்டவர் மனநிலை காணப்படாது. இக்குறையை நிரப்ப வருவதே தொல்லியல்.

தொல்லியல் பண்டைக் காலத்துக்கே உரியதென எண்ணுதல் பொருந்தாது. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துக் கிங்ஸ்லி தோட்டத்திலே, சார்ல்ஸ் பேர்பாங்ஸ் என்னும் அறிஞர் 1968இல் அடிமைகளின் குடிசைகளை அகழ்ந்தார். ஆங்குக் கிடைத்த விலங்கு, மீன் எலும்புகள், அம்மக்கள் தமக்கு அளந்து கொடுத்த உணவோடு அமையாது தாமே வேட்டையாடியும் மீன்பிடித்தும் உண்டமையைக் காட்டின. பின்னர், ஜோர்ஜியாவின் கனன்ஸ் பொயின்ற் என்னும் பருத்தித் தோட்டத்தை ஆராய்ந்தோர், முதலாளி வீட்டுக் குப்பையிலே தட்டையான பீங்கான் தட்டுகளும், அடிமைகளின் குடிசைக் குப்பையிலே கிண்ணங்களும் மிகுந்திருக்கக் கண்டனர். கிண்ணம் குழம்புணவுக்கு உரியது. உடைந்த ஓடொன்று ஒருவர் உண்ட முறையையே உணர்த்திற்று அன்றோ! அடிமை முறையும் நம்மவர் கூலி முறையும் ஒன்றல்ல. ஆயினும் ஆராயும் முறை ஈரிடத்தும் ஒன்றே.

ஊவா மலைகளுக்கும் இம்முறை மிகப் பொருந்தும். இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பிப் பயிரை அழிக்க, தேயிலை அதனிடத்தைப் பெற்றது. காப்பிக்குப் பருவகால உழைப்பே பெரிதும் வேண்டப்பட்டது; தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். அதனாற் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. இம்மாற்றத்தைப் பழைய லயத்தைச் சூழ்ந்த குப்பைக்குழிகளிலே தேடலாம். அம்மி, சட்டிபானை, கண்ணாடி வளையல், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியன பெண்களும் குழந்தைகளும் நிலைத்து வாழ்ந்தமைக்குச் சான்றாகும். பீங்கானின் அடியிலுள்ள உற்பத்தியாளர் முத்திரை காலத்தை வரையறுக்க உதவும். இவற்றை அதே தோட்டத்து ஏட்டோடு ஒப்பிடின், ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும்.

இவ்வாராய்ச்சி வெறும் அறிவு விருப்பத்தின் பாற்பட்டதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் உரிமை வேண்டியோர், மணமாயின் ஏழாண்டும் மணமாகாதாராயின் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவ நேர்ந்தது. மலையைத் திருத்திய கைகள் தாம் ஈண்டு வாழ்ந்ததற்குத் தாளிலே சான்று தேடியலைந்தன. பேரேட்டின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் ஊழையே மாற்றவல்லதாயிருந்தது.

கறையான் அரிக்கும் ஏடுகளும், இடிக்கப்படும் லயங்களும் ஒருமுறை அழிந்தால் மீளா. கம்பளைக்கு அண்மையிலே பழைய லயமொன்று தொழிலாளர் அருங்காட்சியகமாய் விளங்குவது நல்ல தொடக்கமாகும். மாணவர்கள் முதியோரிடம் பெயர்களையும் இடங்களையும் கேட்டெழுதுக. வீட்டிலுள்ள பற்றுச்சீட்டையும் பழைய சீட்டுகளையும் பேணுக. நிலத்திற் காணும் பொருளை இடம்பெயர்க்காது, கிடந்த இடத்தைக் குறித்து ஆசிரியர்க்கு அறிவிக்குக. பொருளினும் அது கிடந்த இடமே பெரிதும் பேசும். மன்னர்க்குக் கல்வெட்டு உண்டு. உழைத்தோர்க்கு அவர் உடைத்தெறிந்த ஓடும், அவரைக் கடனாளியாக எழுதிய ஏடுமே கல்வெட்டு.