காரியாலயக் கடிதமும் அதனை வாசிப்பவரும்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி காலை, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்து பதினைந்து நிமிடங்கள் கழிந்த வேளையில், ஹவாய்த் தீவுகளிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் தன் முதலாவது அறிவித்தலை வெளியிட்டது. நிலநடுக்கம் பசுபிக் சமுத்திரத்துக்கு வெளியே நிகழ்ந்ததென்றும், முன்னைய பதிவுகளை வைத்துப் பார்க்குமிடத்து அழிவுதரும் அலை பற்றிய அபாயம் இல்லையென்றும் அது கூறிற்று. ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தின் பின் வந்த இரண்டாவது அறிவித்தல், அதிர்வின் மையத்துக்கு அண்மையில் அலை எழக்கூடும் எனத் திருத்தியது. பசுபிக் நாடுகளுக்கென்று எழுதப்பட்ட அவ்வறிக்கைகள் அந்நாடுகளைப் பொறுத்தவரை பிழையானவை அல்ல. ஆயினும் கிழக்கிலங்கையின் பெரியநீலாவணையிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரம் குடியிருந்தோரை வாசகராகக் கருதிய ஒரு வரிதானும் அவற்றில் இல்லை. அவர்கள் பொருட்டு அச்செய்தியைப் பெற்று, தமிழாக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கும் கோயில் மணிக்கும் கொண்டுசேர்க்கும் ஒழுங்கும் அன்று இருக்கவில்லை. அலை வந்தடைய இரண்டு மணித்தியாலம் வரை இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

அவ்வறிக்கையை எழுதியவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 9 அளவுக்கு மேற்பட்ட அதிர்வை 8 என்றே அவர்களுடைய கருவிகள் முதலில் காட்டின. இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை ஏற்பாடும் அக்காலத்தில் இல்லை. நான் சொல்ல விரும்புவது, தொழில் நிமித்தம் எழுதப்படும் எந்தத் தாளும், அதனை வாசித்துக் கருமமாற்ற வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு விடை காணாமல் எழுதப்படுமாயின், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் மெய்யாயிருந்தும் பிரயோசனமற்றுப் போகக்கூடும் என்பதே.

நம் பிரதேச செயலகங்களிலிருந்து வரும் கடிதமொன்றை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் ‘எனது இல.’, ‘உமது இல.’, ‘திகதி’ என்ற மூன்றும் ஒழுங்காக இருக்கும். கோவையைத் தேடியெடுக்கும் எழுதுவினைஞருக்கும், பல வருடங்களின் பின் அதனைத் திறந்து பார்க்கும் கணக்காய்வு உத்தியோகத்தருக்கும் அவை அத்தியாவசியமானவை. அவர்களும் அக்கடிதத்தின் வாசகர்களே. குறை அதற்குக் கீழே தொடங்குகின்றது. ‘மேற்படி விடயம் தொடர்பாக, குறித்த சுற்றுநிருபத்தின் ஏற்பாடுகளுக்கமைய, உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தவறும் விண்ணப்பதாரிகளின் கோரிக்கைகள் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டா என்பது இத்தால் அறியத்தரப்படுகின்றது’ என்று ஒரு வாக்கியம் வருமாயின், கணவனை இழந்து உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்த ஒரு தாய் அதனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? எந்த ஆவணம், மூலமா பிரதியா, எந்த மேசையில் ஒப்படைப்பது, எந்த நாளுக்குள் என்ற நான்கில் ஒன்றுக்கேனும் அதில் விடை இல்லை. கிராம உத்தியோகத்தர் வீட்டுக்கும் செயலகத்துக்குமாக அவள் அலைவாள். செயலகத்திலோ அதே கேள்விக்கு நாள்தோறும் பலருக்கு வாயால் விடை சொல்ல நேரும். ‘கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி ஒன்றையும் உங்கள் அடையாள அட்டையின் பிரதி ஒன்றையும் இம்மாதம் 20 ஆம் திகதிக்குள் இரண்டாம் இலக்க மேசையில் கொடுங்கள்’ என்று எழுதிவிட்டு, சுற்றுநிருபத்தின் இலக்கத்தை அடியில் குறித்தால், தாயும் கணக்காய்வாளரும் தத்தமக்கு வேண்டியதைப் பெறுவர். அதிகாரத்தின் கௌரவம் இதனால் எள்ளளவும் குறைவதில்லை.

வாசிப்பவரை மறந்த எழுத்தின் துன்பத்தைத் தமிழ் பேசும் நம் மக்கள், முஸ்லிம்களாயினும் இந்துக்களாயினும் கிறிஸ்தவராயினும், நன்கறிவர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின், தாம் வாசிக்கவியலாத மொழியில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடிய தலைமுறை ஒன்று இங்கே வாழ்ந்தது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த உரிமை, கடிதம் தமிழில் வந்த பின்னும் அதற்குப் பொருள் சொல்ல ஆள் தேடவேண்டிய நிலையில் நம்மை விடுமானால், அதைவிடப் பெரிய மனவருத்தம் எனக்கு வேறில்லை.

பொதுமக்கள் காரியாலயத்துக்கு எழுதும்போதும் இதே நியாயம் பொருந்தும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கை கிடைத்த 14 வேலைநாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் வினவ அவருக்கு அதிகாரமில்லை. அவர் செய்யக்கூடியது கோவையிலுள்ள தகவலைத் தருவது மாத்திரமே. இதனை உணராமல், வீதி செப்பனிடப்படாத மனக்குறையை மூன்று பக்கத்துக்கு எழுதி, ஏன் இந்த அநியாயம் என்று முடிப்போர் பலர். இன்ன வீதிக்கு இன்ன வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், வேலை முடிந்ததாக அத்தாட்சிப்படுத்திய பத்திரத்தின் பிரதி வேண்டும் என மூன்று வரியில் கேட்டால், உத்தியோகத்தர் எந்தக் கோவையைத் திறப்பதென்று அறிவார். மனக்குறைக்கு வேறு கடிதம் உண்டு. அது போகவேண்டிய இடமும் வேறு.

2005 ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் பின் எச்சரிக்கை ஒழுங்குகள் வெகுவாகத் திருந்தியுள்ளன. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராக் கடலில் மீண்டும் பெரும் அதிர்வு நேர்ந்தபோது, அறிவித்தல் கிடைத்து நம் கரையோர மக்கள் உள்நாட்டை நோக்கிச் சென்றனர். பேரனர்த்தத்துக்குச் செலுத்தும் அச்சிரத்தையை அன்றாடக் கடிதத்துக்கும் செலுத்துதல் கடினமன்று. ஆகவே கல்முனைப் பகுதியின் காரியாலயங்களில் கடமையாற்றும் உத்தியோகத்தர்களை வேண்டிக்கொள்கிறேன்: அறிவித்தல் பலகையில் ஒரு தாளை ஒட்டுவதற்கு முன், வரிசையில் நிற்பவர்களுள் ஒருவரை அழைத்து அதனை வாசிக்கச் செய்து, இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அவரால் விடை சொல்ல முடியாவிட்டால், தயவுசெய்து அதனைத் திருத்தி எழுதியபின் கையொப்பமிடுங்கள்.